நான் பிரிட்டனில் இருக்கிறேன். நண்பர் தரும் எட்டு வயது மலைப்பாம்பை எடுத்து வளர்க்கலாமா? நாலு மாதமாக எதுவும் சாப்பிடவில்லையாம். தேறுமா?

தேறும். தேறிய ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

நீங்களும் என்னைப்போல் பிரிட்டனில் இருப்பதாக எழுதியிருப்பதால், அதுவும் என்னுடையதைப் போல ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு வகைதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் என்பதால் அமெரிக்காவில் பால் (ball, அதாவது பந்து) பைத்தான் என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் இனம். இதை மனதில் வைத்துக்கொண்டால் அதற்கு என்ன வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும்.

என்னிடம் வந்தது ஒன்பது வயதுப் பெண் பாம்பு. நான் அதற்கு மூன்றாவது வீடு. உடம்பில் பழைய சட்டை அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்திருந்தது. இரண்டு கண்களும் மங்கிக் கிடந்தன. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்தியிருந்தது. தூக்கிப் பார்த்தால் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குத் தீப்புண் தழும்பு. தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டு வைத்திருக்கிறார்கள். அடிவயிறு வெந்தாலும் பாம்பு அந்த இடத்தை விட்டு நகராமல் படுத்திருக்கும், பலருக்கு இது தெரிவதில்லை. சமையலறைத் தராசில் 980 கிராம் காட்டியது. அந்த வயதுப் பெண் பாம்பு பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவாவது இருக்கும்.

முதல் வேலை, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர். நாய் பூனை மட்டும் பார்ப்பவரிடம் போக வேண்டாம். மோவாய்க்குக் கீழே செதில் இடுக்கில் மிளகுப்பொடி தூவியதுபோல் உண்ணிகள் இருந்ததை அவர்தான் காட்டினார். கண்ணில் ஒட்டியிருந்த பழைய படலத்தை எடுக்கட்டுமா என்று கேட்டேன். தொடவே கூடாது என்றார். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில்தான் அதற்குக் காப்பு. பிய்த்தால் அதுவும் சேர்ந்து வந்து கண்ணே போய்விடலாம். ஈரப்பதத்தைச் சரிசெய்யுங்கள், அடுத்த சட்டையில் தானாகப் போகும் என்று அனுப்பிவிட்டார்.

அதனால் நான் பாம்பை விட்டுவிட்டு அதன் வீட்டைத்தான் கவனித்தேன். நாலடி நீளப் பெட்டி. ஒரு பக்கம் 32 டிகிரி, மறு பக்கம் 25, இரண்டும் செல்சியஸ். வெப்பம் தரும் எதுவும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம், முதுகு கூரையில் உரசுகிற அளவுக்குச் சின்னதாக. பெரிய மறைவிடம் வைத்தால் அதற்குப் பாதுகாப்பாகவே தோன்றாது. அப்புறம் மூன்று வாரம் தொடவில்லை. தண்ணீர் மாற்ற மட்டும் கையை உள்ளே விட்டேன். பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும், தடவிக்கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் அதற்குத் தேவை தனிமை.

சாப்பாடு விஷயத்துக்கு வருகிறேன். வளர்ந்த ராயல் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது புதிதல்ல. நாள்களை எண்ணாமல் எடையைக் குறித்துவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள், காத்திருக்காதீர்கள். பசியைக் கிளப்ப உயிருள்ள எலியை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தின்ன விருப்பமில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறைய வைத்த எலியை உருகவிட்டு, வெந்நீரில் வைத்து நம் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, இடுக்கியில் நீட்டுங்கள். உதட்டுக் குழிகளால் அது வெப்பத்தை உணரும்.

என்னுடையது இருபத்து மூன்றாம் நாள் இரவு வாங்கிக்கொண்டது. விளக்கை அணைத்திருந்தேன். மறைவிடத்திலிருந்து தலை விரற்கடை விரற்கடையாக வெளியே வந்தது. நாக்கு மெதுவாக நீண்டு மடங்கியது. அடுத்த கணம் இடுக்கியில் எலி இல்லை. நான் அசையாமல் அரைமணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒல்லியாக இருக்கிறதே என்று பெரிய எலி கொடுக்க வேண்டாம், கக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சின்னதாகக் கொடுத்து, பத்து நாள் விட்டு அடுத்தது. தின்ற பிறகு இரண்டு நாளாவது கையில் எடுக்காதீர்கள்.

ஆயுளையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2020-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 62 வயதுக்குக் குறையாத பால் பைத்தான் ஒன்று ஏழு முட்டை இட்டது. அது அபூர்வம்தான், ஆனால் உங்கள் பாம்புக்கு இன்னும் இருபது வருடம் சாதாரணமாக இருக்கும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனத்தையும், 2022 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும்.

கண் விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. முதல் சட்டை துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டாவது, ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கிடந்தது, மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே உறையாக, இன்னும் ஈரமாக. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைப் பக்கத்தில் இரண்டு கண் படலங்களும் முழுசாக இருந்தன.