வாசகர் கேள்வி – பதில்: எண்ணிக் கண்டதும் எதிர்பார்த்ததும்

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளில் 'உற்றுநோக்கிய அலைவெண்', 'எதிர்பார்க்கப்படும் அலைவெண்' என்று இரண்டு வரிசைகளைக் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். முதலாவது எண்ணிப் பார்த்துக் கிடைத்தது. இரண்டாவது எங்கிருந்து வருகிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலானதா என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: எதிர்பார்க்கப்படும் அலைவெண் ஆய்வாளர் விரும்பும் எண் அல்ல. ஒரு கருதுகோள் மெய்யாக இருந்தால் சராசரியாக எத்தனை கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பெறும் எண் அது. இந்த வேறுபாடு மனதில் படியாவிட்டால் பின்னால் வரும் சூத்திரம் எதற்கும் பொருள் இருக்காது.

மரபியலின் முன்னோடி கிரிகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். கலப்பினச் செடிகளிலிருந்து கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. விகிதம் 3:1 என்பது கருதுகோள். அதன்படி 5,493 உருண்டை விதைகளும் 1,831 சுருங்கிய விதைகளும் இருந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் 19 குறைகிறது, மற்றோரிடத்தில் 19 கூடுகிறது. அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும் என்பதால் ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்தி, அந்தந்த எதிர்பார்க்கப்படும் எண்ணால் வகுத்து, பிறகு கூட்டுகிறார்கள். வகுப்பதற்குக் காரணம் உண்டு: 5,493-இல் 19 குறைவது பொருட்டே அல்ல, 40-இல் 19 குறைந்தால் அது பெரிய விலகல். இங்கே 0.066, 0.197 இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.26 வருகிறது. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்தளித்த கை-வர்க்கச் சோதனை இதுதான்.

இரண்டே வகைகள் உள்ளபோது, கருதுகோள் மெய்யாகவே இருந்தாலும் இந்த மதிப்பு 3.84-ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறை அளவில் தற்செயலாக நேரும். வழக்கமாக அதையே எல்லையாகக் கொள்கிறார்கள். 0.26 அதற்கு வெகு கீழே இருப்பதால், 3:1 என்பதை இந்தத் தரவு மறுக்கவில்லை என்று சொல்லலாம். 'நிரூபித்துவிட்டது' என்று எழுதக் கூடாது, ஏனெனில் 3:1-க்கு மிக நெருக்கமான வேறு விகிதங்களும் இதே தரவோடு ஒத்துப்போகும்.

முன்கூட்டிய விகிதம் எதுவும் இல்லாமல், இரண்டு பண்புகளுக்குத் தொடர்பு உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தால், அட்டவணையின் நிரை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும். 200 நோயாளிகளில் 100 பேர் மருந்து பெற்றார்கள், எல்லோருமாக 120 பேர் குணமடைந்தார்கள் என்றால், மருந்துக்கும் குணமடைந்ததற்கும் தொடர்பே இல்லாத நிலையில் மருந்து பெற்றோரில் 60 பேர் குணமடைந்திருப்பார்கள் என்பதே எதிர்பார்ப்பு. மொத்தங்கள் மாறாதிருக்க, இந்த ஒரு கட்டம் நிரம்பினாலே மற்ற மூன்றும் தாமாக நிரம்பிவிடும்; ஆகவே இங்கே வரையின்மைப் பாகை, அதாவது தடையின்றி மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை, ஒன்று. பியர்சன் இதை மூன்றாகக் கொண்டிருந்தார்; புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1922-இல் திருத்தினார்.

கேள்வி: என்னிடம் சதவீதங்கள்தான் இருக்கின்றன. அவற்றை வைத்தே இந்தச் சோதனையைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். நாணயத்தை 100 முறை சுண்டியதில் 58 தலை விழுந்தால் மதிப்பு 2.56, எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. 1,000 முறை சுண்டி 580 தலை விழுந்தால் சதவீதம் அதேதான், ஆனால் மதிப்பு 25.6, அந்த நாணயம் சமனானது என்று நம்ப இடமில்லை. சதவீதமாக மாற்றியதும் எத்தனை முறை எண்ணினோம் என்ற செய்தி தொலைந்துபோகிறது. மூல எண்ணிக்கையைத் தேடிப் பெறுங்கள். ஒரே நபர் இரு கட்டங்களில் எண்ணப்பட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். எதிர்பார்க்கப்படும் எண் ஐந்துக்கும் கீழே போகும் கட்டங்கள் இருந்தால், பொருத்தமான வகைகளை இணைப்பது அல்லது நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடும் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் பயன்படுத்துவது வழக்கம்.

கேள்வி: கண்டதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு நல்லதுதானே?

பதில்: அப்படியில்லை. தற்செயல் என்று ஒன்று இருக்கும்வரை ஓரளவு விலகல் இருந்தே தீர வேண்டும். ஃபிஷர் 1936-இல் மெண்டலின் சோதனைகளை ஒட்டுமொத்தமாகக் கணக்கிட்டபோது, 84 வரையின்மைப் பாகைகளுக்குச் சராசரியாக 84 அளவில் வர வேண்டிய கை-வர்க்க மதிப்பு சுமார் 41.6 மட்டுமே வந்தது. இத்தனை நெருக்கம் தற்செயலாக நேர்வது மிகமிக அரிது. எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பதை நன்கு அறிந்த உதவியாளர் ஒருவர் எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கலாம் என்று ஃபிஷர் கருதினார். வடிவம் தெளிவற்ற விதைகளை வகைப்படுத்துகையில் கண் அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்றும், விகிதம் ஒத்துவந்ததும் எண்ணுவதை நிறுத்தியிருக்கலாம் என்றும் பின்வந்தவர்கள் வாதிட்டார்கள். மெண்டலின் விதி சரியானது என்பதில் இவர்கள் யாருக்கும் ஐயம் இல்லை. விவாதம் அந்த எண்களைப் பற்றியது மட்டுமே.