மாமனாரை ஒருநாள் அனுப்பிவைத்தால் போதுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. வாடகைத் தாயாக இருக்க ஒரு ஏஜென்சியில் விண்ணப்பித்திருக்கிறேன். வீடு பாதுகாப்பானதா என்று பார்க்க அடுத்த வாரம் சமூகப் பணியாளர் வருகிறார். இரண்டு முறை தேதியை மாற்றிவிட்டு, "வீடு சுத்தமாக இருக்குமா?" என்று வேறு கேட்டார், அவமானமாக இருந்தது. மாமியாருக்கு இது பிடிக்கவில்லை, என்னோடு பேச்சே இல்லை. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமனார் பால்கனியில் சிகரெட் பிடிப்பார். படிவத்தில் 'வீட்டில் யாரும் புகைப்பதில்லை' என்று எழுதிவிட்டேன். அன்று மட்டும் அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: மாமியாரின் மௌனமும் சமூகப் பணியாளரின் கேள்வியும் உங்களுக்கு வலிக்கலாம். சட்டத்துக்கு இரண்டும் வேண்டாதவை. எனக்கு வேண்டியது, படிவத்தில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி.

வீட்டைப் பார்ப்பது ஏஜென்சி தன் திருப்திக்குச் செய்வது; வாடகைத் தாய் ஒப்பந்தங்களைப் பற்றிய கலிஃபோர்னியா குடும்பச் சட்டத்தின் 7962ஆம் பிரிவில் தேடினாலும் அது கிடைக்காது. ஸ்மோக் அலாரம், எட்டாத உயரத்தில் மருந்து டப்பா எல்லாம் உங்களுக்கே தெரியும். அதில் குறை இருந்தால் சரிசெய்யச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

பொய் அப்படிப் போகாது. படிவத்தில் எழுதியது, பிறகு குழந்தை வேண்டுவோரோடு போடும் ஒப்பந்தத்தில் 'நான் தந்த விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் நோட்டரி முன் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண், கணவர் வேப் (இ-சிகரெட்) பிடிப்பதை மறைத்திருந்தார். நாலாம் மாதம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் பயணச் செலவு பற்றி ஒரு சில்லறைத் தகராறு. எதிர்த்தரப்பு வக்கீல் பழைய படிவத்தைத் தூசிதட்டி எடுத்தார். மாதப் பணம் நின்றது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்தது. அந்தப் பெண்ணுக்கோ கோர்ட்டுக்குப் போக ஆசை. நான்தான் பாதியை விட்டுக்கொடுத்து முடிக்கச் சொன்னேன்.

உங்கள் திட்டம் அன்றைக்கே நிற்காது என்பது வேறு விஷயம். "தாத்தா எங்கே?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் முடிந்தது. நிகோட்டின் பரிசோதனை உங்களுக்கும் இருக்கும். பக்கத்தில் புகைத்தாலே லேசான தடயம் தெரியலாம்.

வருகிறவர் தமிழ் பேசுபவராகக்கூட இருக்கலாம். காபி கொடுத்து, மாமியார் கதையை எல்லாம் கொட்டிவிடாதீர்கள். அவர் உங்கள் வக்கீல் இல்லை, சொன்னது அறிக்கைக்குப் போகும். கேட்டால், "அவருக்கு உடன்பாடில்லை" என்று உண்மையை ஒரு வரியில் சொல்லுங்கள். மிச்சத்தை உங்கள் வக்கீலிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் குழந்தை வேண்டுவோர் கொடுத்தாலும், உங்களுக்கென்று தனி வக்கீல் வேண்டும் என்கிறது அதே 7962.

இன்றைக்கே ஏஜென்சிக்கு ஈமெயில் அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது. 'படிவத்தில் என் பதில் தவறு. மாமனார் தங்கியிருக்கிறார், பால்கனியில் புகைக்கிறார்' என்று எழுதி, அவர் ஊர் திரும்பிய பிறகு சமூகப் பணியாளரை வரச் சொல்லிக் கேளுங்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? விட்டுவிடுங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்ற கடமை அவர்களுக்கு இல்லை. வழக்குப் போட இதில் எதுவும் இல்லை. அடுத்த ஏஜென்சி இருக்கிறது, அங்கே படிவத்தைச் சரியாக நிரப்புங்கள்.

ஈமெயிலில் மாமனாரின் ரிட்டர்ன் டிக்கெட் தேதியையும் போட்டுவிடுங்கள்.