ருத்ரத்துக்குத் தபேலா எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் காலையில் தபேலா, கீபோர்டு எல்லாம் சேர்த்த ருத்ரம் ஒலிக்கிறது. புத்தகத்தை வைத்துக்கொண்டு முறையாகச் சொல்கிறவன் நான், காது கூசுகிறது. கேட்டால், "எம்.எஸ். சுப்ரபாதம் பாடவில்லையா?" என்று மகன் வாயை அடைக்கிறான். யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். வால்மீகியின் 'கௌசல்யா சுப்ரஜா' சுலோகத்தை முதலில் வைத்து, 15ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய ஸ்தோத்திரம் சுப்ரபாதம். யாப்பு உண்டு; இந்த எழுத்தை ஏற்று, அந்த எழுத்தை இறக்கு என்ற கட்டளை கிடையாது. மெட்டு பாடுகிறவர் இஷ்டம். 1963இல் எம்.எஸ். அதை இசைத்தட்டுக்குப் பாடியபோது எந்த விதியும் உடையவில்லை.

ருத்ரம் யஜுர்வேத மந்திரம். உங்கள் புத்தகத்தில் எழுத்துக்குக் கீழே படுக்கைக்கோடும் மேலே நிற்கிற கோடும் இருக்குமே, அந்த ஏற்ற இறக்கம் பிசகினால் அர்த்தமே புரண்டுவிடும் என்பது வேதக்காரர்கள் கட்சி. இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டி துவஷ்டா வேள்வி செய்தான். 'இந்திரசத்ரு' என்ற ஒரே சொல்லில் சுரம் தவறியது. 'இந்திரனைக் கொல்பவன்' என்பது 'இந்திரனால் கொல்லப்படுபவன்' ஆகிவிட, பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே செத்தான்.

சரி, சுரம் பிசகாமல் சொல்லி, பின்னால் தபேலா மட்டும் சேர்த்தால்? அங்கேதான் பெரிய கூத்து. ருத்ரத்தின் இரண்டாவது அனுவாகத்திலிருந்து (அனுவாகம் என்றால் பகுதி) ஒன்பதாவது வரை பெரும்பாலும் உரைநடை. 'நமோ ஹிரண்யபாஹவே' என்று நீண்டும் குறுகியும் போகிற வாக்கியங்கள். அவற்றை எட்டு அட்சரத் தாளத்துக்குள் திணித்தால் ஒரு மாத்திரைக் குறில் இழுபடும், இரண்டு மாத்திரை நெடில் நறுக்கப்படும். தபேலாக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழுந்தாக வேண்டும்.

இதற்கு மேல், ஏதோ விசேஷ சுருதி மாதிரி, '432 ஹெர்ட்ஸில் பதிவு செய்யப்பட்டது' என்று வேறு இந்தப் பதிவுகளில் போடுகிறார்கள். வேதத்துக்கு நிலையான சுருதியே இல்லை. வேதம் ஓதுவதில் தேர்ந்த கனபாடிகளின் தொண்டைக்கு எது வசதியோ அங்கே ஆரம்பிப்பார். மேலும் கீழும் அதிலிருந்துதான். அப்புறம் 432 எங்கிருந்து வந்தது? '108 முறை காயத்ரி' என்று விற்பதில், ஒரு தடவை சொன்னதைக் கணினியில் நகலெடுத்து ஒட்டுகிற கைங்கரியமும் நடக்கிறது. ஜபம் செய்த புண்ணியம் கணினிக்குப் போகுமோ என்னவோ.

வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் மகனிடம் போய்ச் சொல்வதற்கு முன்னால் வேத உச்சரிப்புக்கான பழைய இலக்கண நூலான பாணினீய சிக்ஷையில் ஒரு சுலோகம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். வேதம் சொல்கிறவர்களில் அதமர்கள், அதாவது மட்டமானவர்கள், ஆறு பேர் என்கிறது: ராகம் போட்டுப் பாடுகிறவன், அவசரமாகச் சொல்கிறவன், தலையை ஆட்டுகிறவன், எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்கிறவன், அர்த்தம் தெரியாதவன், குரல் எழும்பாதவன். மகனின் பதிவு முதலாவதில் மாட்டுகிறது. நான்காவது யார் என்று உங்கள் வீட்டிலேயே தெரியும்.