சைக்கிளில் போனால் மரியாதை குறையுமா?

கேள்வி: ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பத்து வயது மகளோடு கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் சைக்கிளில் ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க ஆசை. வீட்டிலோ, "கார் நிற்கும்போது சைக்கிளா? கண்டவர்கள் என்ன நினைப்பார்கள்? அங்கே பார்க்கத்தான் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: போங்கள்.

கண்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியைகளும் மாணவிகளும் சைக்கிளில்தான் போய் வந்தார்கள். யுத்த காலத்தில் எரிபொருள் இல்லாத ஊரில் மனிதரையும் விறகையும் சுமந்தது அதுதான். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கொழும்பும் சைக்கிளைத் தேடியது. ஆபத்துக்கு உதவியதை ஓய்வுநாளில் இளக்காரமாகப் பார்ப்பது நியாயமில்லை.

பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்களா? பூங்காவுக்கு எதிரே 1928இல் திறந்த நகர மண்டபம். பக்கத்தில் பொது நூலகம். பூங்காவில் நிற்கும் போர் நினைவுத்தூண் முதலில் காலிமுகத்திடலில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியருக்கு அது இலக்குக் காட்டிவிடும் என்ற பயத்தில் கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். காரில் போகிறவருக்கு இதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் வெள்ளைச் சுவர்கள்தான். சைக்கிளில் போனால் பிள்ளை நிறுத்தி, "இது என்ன அம்மா?" என்று கேட்பாள்.

கொஞ்சம் தள்ளி, 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் பிறந்ததும் அதே ஆண்டில். பூங்காவை ஒட்டிய கிறீன் பாத் என்ற வீதிக்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினார்கள். எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும்?

நூதனசாலைக்குள் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பிடியுங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல் அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் விஷ்ணுவின் வடிவமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது மதகுக்கு மூடியாகக் கிடந்தது! அறுநூறு வருடங்களுக்கு முன்பே இந்தத் தீவின் தெற்குக் கரையில் நம் மொழிக்கு இருந்த இடத்தை மகள் தன் கண்ணால் பார்க்கட்டும். இந்த ஒன்றுக்காகவே அந்தப் பயணம் தகும்.

காலி வீதியில் மட்டும் பிள்ளையை ஓடவிடாதீர்கள். பஸ்கள் போட்டி போடும் வீதியில் சைக்கிளுக்கென்று ஒழுங்கான பாதை இல்லாதது இந்த நகரம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பூங்கா இருக்கும் கறுவாத்தோட்டம் வரை சைக்கிள்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். பூங்காவுக்குள் நடப்பவர்கள் கூடிய இடத்தில் இறங்கி உருட்டிச் செல்லுங்கள்.

இன்னொன்று: மகளை ஓடவிட்டு நீங்கள் வாங்கில் இருந்துவிடாதீர்கள். ஆசைப்பட்டவர் நீங்கள்தானே, நீங்களும் ஓடுங்கள்.