பாரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கிறாள். எச்.பி.வி. தடுப்பூசிக்குப் பள்ளியில் பாரம் கொடுத்திருக்கிறார்கள். ஊசி போட்டால் பிறகு குழந்தை தங்காது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள் அம்மா. அந்த ஊசியால் கருப்பைக்கு ஒன்றும் ஆகாது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத்தான் அது தடுக்கிறது, 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் இந்தத் திட்டம் மலேசியாவில் 2010-இலேயே தொடங்கிவிட்டது. இந்த வயதில் எதற்கு என்றால், கிருமி தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் பலன் அதிகம். தோட்டத்து லயத்துக் குழாயடியில் காலையில் ஒருவர் சொன்னது சாயங்காலத்துக்குள் பத்து வீட்டுக்குப் போய்விடும், நானும் அங்கே வளர்ந்தவள்தான். சந்தேகம் தீரவில்லையா, அரசாங்க கிளினிக் மிஸ்ஸியிடம் கேளுங்கள்; மகளையும் கூட்டிப் போங்கள், அவள் உடம்பைப் பற்றி அவளும் கேட்கட்டும்.