விஞ்ஞானமா, கலையா? பாலைப்பழத்தில் தொடங்கிய ஒரு கேள்வி

அன்புள்ள தங்கச்சி,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு படிப்பைப் பற்றி ஆலோசனை கேட்க வந்தபோது வெளி வாங்கில் இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் நான் சொன்னதில் பாதி உங்களுக்கு விளங்கியிருக்காது. சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் இருந்து வருகிற தாய்மார் எல்லோரும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உயர்தரத்துக்குப் பிள்ளையை விஞ்ஞானத்துக்கு விடுவதா, கலைக்கு விடுவதா? அதனால் ஆறுதலாக இருந்து, உங்களோடு சேர்த்து அவர்களுக்கும் எழுதுகிறேன்.

பிள்ளையின் பெறுபேற்றுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தமிழ், வரலாறு, சமயம், விஞ்ஞானம் நான்கும் ஏ. கணிதம் சி. ஆங்கிலம் எஸ். விஞ்ஞானத்தில் ஏ இருக்கிறது என்றவுடன் கனடாவிலிருக்கும் மாமா போன் எடுத்து, “பயோ செய்யட்டும், ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப்போறாள்?” என்றாராம். பயோ என்றால் உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு, ஆர்ட்ஸ் என்றால் கலைப்பிரிவு. அதைச் சொல்லும்போதே உங்களுக்குக் கண் கலங்கியது. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மாமா சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2017இல் வடக்கில் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்காக வீதியோரம் இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர்களில் கலைப் பட்டதாரிகள் ஏராளம். அந்தப் பயம் உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த கலைப் பட்டதாரிகளில் சிலர் ஒரு வருடத்துக்குள் வேலைக்குப் போனார்கள், சிலர் ஆறு வருடம் இருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் பிரித்தது என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும் கணினியும்தான். இதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பிள்ளை கேட்ட கேள்வி.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம், பையிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கத்தில் காய்ந்த பாலை இலை ஒட்டியிருந்தது. பசை போதாமல் ஒரு மூலை கிளம்பி நின்றது. கீழே நீல மையில் இப்படி எழுதியிருந்தாள்: “இலக்கியத்தில் பாலை என்றால் வறண்ட நிலம், பிரிவு. எங்கள் காட்டுப் பாலையில் தேன் மாதிரிப் பழம் பழுக்குது. இரண்டும் ஒரே மரமா?” அடுத்த பக்கத்தில் முதிரை, வீரை, மருது என்று இலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அப்பம்மா சொன்ன பயன்பாடும் இருந்தது.

வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு வழி சொல்கிற இந்தக் கதிரையில் இருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியோடு வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். தமிழில் பாலை என்ற பெயரில் பல மரங்கள் உண்டு. வன்னிக் காட்டில் வைகாசி, ஆனியில் நாங்கள் பொறுக்கித் தின்று உதடு ஒட்டிப்போகிற பாலை, இலுப்பையின் குடும்பம். வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் அலரியின் குடும்பம். பழைய பாட்டுகளில் வருகிற பாலை இவற்றில் எது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. இந்தக் கேள்வியைத் தாவரவியல் தெரிந்தவர் தனியாக அவிழ்க்க முடியாது. தமிழ் மட்டும் படித்தவராலும் முடியாது. உங்கள் மகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை. அவளைப் பாதியாக வெட்டி ஒரு பக்கத்தை எறியாமல் எப்படி உயர்தரத்துக்கு அனுப்புவது என்பதுதான் எனக்கும் உங்களுக்கும் இப்போது உள்ள வேலை.

சரி, விஞ்ஞானத்தை முதலில் பார்ப்போம். சாதாரண தர விஞ்ஞானம் ஒரே பாடம். உயர்தரத்தில் அது உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று மூன்றாகப் பிரியும். பிள்ளையிடம் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். உயிரியல் பகுதியைச் சிரித்துக்கொண்டே செய்தாள். பௌதிகவியலின் மின்னோட்டக் கணக்கும் இரசாயனவியலின் மூல் கணக்கும் வந்ததும் பேனையை வைத்துவிட்டாள். கணிதத்தில் சி எடுத்த பிள்ளைக்கு அந்த இரண்டும் இரண்டரை வருடம் தினமும் ஏறுகிற மலையாக இருக்கும். முடியாது என்றில்லை, ஏறிய பிள்ளைகளும் உண்டு. ஆனால் அவளுக்கே அந்த ஆசை இருக்க வேண்டும்.

“எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, மெடிசின் கிடைக்கும்” என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெட்டுப்புள்ளி என்றால் ஒரு படிப்புக்கு எடுபட வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு. மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகையைப் பார்த்துக் கொடுப்பது, எங்களுடைய முல்லைத்தீவு சின்ன மாவட்டம். வெட்டுப்புள்ளி குறைவு என்பதோடு இடங்களும் கொஞ்சம் என்பதைச் சொல்ல ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை இதே வெட்டுப்புள்ளிக் கதையைச் சொல்லி நானே பயோவுக்கு அனுப்பினேன். அவனுக்கு வரலாறு என்றால் உயிர். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலுக்கு ஒன்றரை வருடம் ஆசிரியரே இல்லை. மூன்று தடவையும் எழுதினான், மூன்றிலும் பௌதிகவியல் தவறியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது நான். இன்றைக்கும் அவனைச் சந்தையில் கண்டால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதனால் எந்தப் பிரிவு என்று முடிவெடுக்க முன், அதிபரிடம் நேரே போய், ஒவ்வொரு பாடத்துக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, இடமாற்றத்தில் போகப் போகிறாரா என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா என்றும் கேட்டீர்கள். அதற்கு முன், பிள்ளையின் மாவட்டம் எது என்று கணிக்கும் விதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வாசித்துவிடுங்கள். மாறிப் போன பிறகு தெரியவந்து அழுத குடும்பங்கள் உண்டு.

பயோதான் என்று அவளே சொன்னால், மருத்துவம் கிடைக்காவிட்டாலும் அவளுடைய மனதுக்கு ஏற்ற பாதைகள் அங்கே இருக்கின்றன. சித்த மருத்துவம் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் அதைப் படிக்கலாம். பழைய தமிழ்ப் பாட்டாக எழுதிவைத்த மருந்தைப் படித்து விளங்க வேண்டிய படிப்பு அது. தமிழும் மூலிகையும் ஒரே மேசையில் வந்து சேருகிற இடம். பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவில் சூழலியல் விஞ்ஞானம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கவும் வழி உண்டு. அப்படி எடுத்தால் மருத்துவக் கதவு மூடிவிடும், மற்றக் கதவுகளில் எது திறக்கும் என்பதைக் கைநூலில் பட்டம் பட்டமாகப் பார்க்க வேண்டும்.

இனி என் சொந்த அபிப்பிராயம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கலைப்பிரிவில் தமிழ், புவியியல், வரலாறு என்று மூன்றையும் எடுக்கவிடுவேன்.

புவியியலை ஏன் நடுவில் வைக்கிறேன் என்றால், கலைப்பிரிவுக்குள் இயற்கை விஞ்ஞானம் நுழைகிற வாசல் அதுதான். காலநிலை, மண், ஆற்று நீர், தாவரப் பரம்பல் எல்லாம் அதில் வரும். வரைபடம் வாசிக்கப் பழகிய பிள்ளை பிறகு கணினியில் புவியியல் தகவல் முறைமை படித்தால் அனர்த்த முகாமைத்துவம், நீர்ப்பாசனம், நகரத் திட்டமிடல் என்று போகலாம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது கொப்பிக்குள் மட்டும் இருக்கிற பாடம் இல்லை.

வரலாற்றைப் பற்றி உங்கள் வீட்டில் “செத்த ராசாக்களின் கதை” என்று சொல்கிறார்களாம். மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையில் தோண்டியபோது சீனத்து மட்பாண்டமும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டமும் வந்தன. மன்னார் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரம் ஆபிரிக்காவின் மரம், அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஒரு மரத்தடியில் நின்று தாவரவியல், கடல் வணிகம், அயல்நாட்டுப் பண்பாடு மூன்றையும் சொல்லிக் கொடுக்கலாம். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாள். முள்ளியவளையில் ஆடுகிற கோவலன் கூத்தை இரவிரவாக இருந்து பார்த்திருக்கிறாள். கண்ணகி கதை மதுரையிலிருந்து இங்கே எப்படி வந்து குடியிருந்தது என்று கேட்கத் தெரிந்தவளுக்கு வரலாறு படிக்க இடம் கொடுக்காமல் விடலாமா?

வரலாற்றுக்கு ஆசிரியர் இல்லையென்றால் இந்து நாகரிகம் எடுக்கலாம். கிரேக்க உரோம நாகரிகமும் பாடவிதானத்தில் உண்டு, படிப்பிக்கிற பள்ளிக்கூடம்தான் கிடைப்பது அரிது. “இந்தப் பாடத்தில் இலகுவாக ஏ எடுக்கலாம்” என்று ரியூசன் வாசலில் கேட்டு மட்டும் பாடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது இசற் புள்ளியை (Z-score) வைத்து. அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறாள் என்பதைத்தான் அது பார்க்கும். எல்லோரும் நல்ல புள்ளி எடுக்கிற பாடத்தில் ஏ எடுத்தாலும் இசற் புள்ளி பெரிதாக ஏறாது. விருப்பமான பாடத்தில் மற்றவர்களைத் தாண்டி ஓடுகிற பிள்ளைக்குத்தான் அந்தக் கணக்கு உதவும்.

இப்போது, தள்ளிவைத்த அந்த மூன்று விஷயம். இதைக் கையைப் பிடித்துச் சொல்கிறேன். கலைப்பிரிவுக்கு விடுவதென்றால் சிங்களம், ஆங்கிலம், கணினி மூன்றும் அதே நாளில் தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எஸ் இருப்பதைத் தனிப் பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதி மாற்றலாம். அரச சேவைக்குப் போகிறவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டியாக வேண்டும். எங்கள் பிள்ளைகள் உத்தியோகம் கிடைத்த பிறகு முப்பது வயதில் அரிச்சுவடி தொடங்குகிறார்கள். பதினாறு வயதில் தொடங்கினால் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கே போகலாம். தமிழும் சிங்களமும் சுத்தமாக எழுதுகிற ஆளுக்கு இந்த நாட்டில் தட்டுப்பாடுதான்.

அப்புறம், வேலை என்றால் ஆசிரியர் உத்தியோகம் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். அது நல்ல உத்தியோகம், வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. அதோடு தொல்லியல், நூலகம், ஊடகம், எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய நிர்வாக சேவைப் பரீட்சை எல்லாம் உண்டு. சட்டத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் ஒரு தொழில்தான். மன்னாரின் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இலிருந்து உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அங்கே வருகிற வெளிநாட்டுக்காரருக்குப் பறவையையும் சொல்லி, மாந்தையின் கதையையும் ஆங்கிலத்தில் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகளின் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

செலவைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினீர்கள். பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. திறமையும் குடும்ப வருமானமும் பார்த்து மகாபொல உதவித்தொகை கொடுக்கிறார்கள், அது கிடைக்காதவர்களுக்கு வேறு உதவுபணமும் உண்டு. கையிலிருக்கிற காசை மூன்று ரியூசனுக்குப் பிரிக்காமல் ஆங்கிலத்துக்குப் போடுங்கள்.

மாமாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அடுத்த முறை அவர் எடுக்கும்போது போனைப் பிள்ளையிடம் கொடுங்கள், அவளே சொல்லட்டும். அவர் அவள் மேலுள்ள அக்கறையில்தான் பேசுகிறார். மூன்று பாடத்தையும் ஏன் எடுக்கிறேன் என்று அவள் வாயால் கேட்டால் அவருக்கும் மனம் ஆறும்.

வகுப்புத் தொடங்க முன் ஒரு வேலை இருக்கிறது. தெரிந்த அக்காமார் யாரிடமாவது உயர்தர இரசாயனவியல் புத்தகமும் புவியியல் புத்தகமும் இரவல் வாங்கி, இரண்டிலும் முதல் அலகை அவளே வாசிக்கட்டும். எதை நேரம் போவது தெரியாமல் வாசித்தாள் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள், அவளிடம் கேட்க வேண்டாம். நான் சொன்னதற்கு மாறாக இரசாயனவியலில்தான் மூழ்கிப் போனாள் என்றால், பயோவுக்கே விண்ணப்பியுங்கள். நானும் கூட நிற்பேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள், சனம் குறைவாக இருக்கும். பிள்ளையின் அப்பாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவருக்கு வயலில் வேலை என்றால் சனிக்கிழமை நானே அந்தப் பக்கம் வருகிறேன். பிறப்புச் சான்றிதழும் பெறுபேற்றுத் தாளின் பிரதியும் வேண்டும். அந்தக் கொப்பியும் வரட்டும், கிளம்பி நிற்கிற பாலை இலைக்கு நான் பசை எடுத்து வைக்கிறேன்.