சேர்க்கை தெரியாத சொல்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் எழுதுகிற வேலை. உயர்ந்த ஆங்கிலம் வரவேண்டும் என்று 3,000 சொற்கள் உள்ள ஒரு புத்தகம் வாங்கி, நாளுக்கு முப்பது வீதம் இரண்டு மாதம் மனப்பாடம் செய்தேன். முக்கால்வாசி மறந்துவிட்டது. போன வாரம் ஒரு புது பையருக்கு, எங்கள் கம்பெனி தரத்துக்குப் பேர்போனது என்று சொல்ல நினைத்து, ‘நொட்டோரியஸ் ஃபார் குவாலிட்டி’ என்று எழுதிவிட்டேன். புத்தகத்தில் ‘பேர்போன’ என்றுதான் போட்டிருந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தார். பையரிடம் மன்னிப்புக் கேட்டு மெயில் போடவா? சொற்களை எப்படித்தான் படிப்பது?

– பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: புத்தகம் பொய் சொல்லவில்லை. வம்பே அதில்தான் இருக்கிறது. தமிழில் பேர்போன அல்வாக் கடையும் உண்டு, பேர்போன திருடனும் உண்டு. நொட்டோரியஸ் அப்படி இல்லை. திருடனோடு போகும், ரவுடியோடு போகும், ஊழலுக்குப் பேர் வாங்கிய ஆபீஸோடு போகும். அல்வாவோடு போகாது. ‘தெரிந்தது’ என்று மட்டும் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஆங்கிலத்திலும் முதலில் ‘எல்லோரும் அறிந்த’ என்றுதான் பொருள். பொய்யன், குற்றவாளி போன்ற சொற்களுக்கு முன்னாலேயே திரும்பத் திரும்ப நின்று, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அதுவும் கெட்டுப்போனது. பையன் நல்லவன்தான், சேர்க்கை சரியில்லை என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே கதை.

உங்கள் புத்தகத்தில் இல்லாதது இந்தச் சேர்க்கைதான். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் ஒரு சமன் குறி. அந்தக் குறியை நம்பி நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு. உள்ளே மெரிட் இருக்கிறதே என்ற நம்பிக்கையில், அவருடைய பணியை ‘மெரிட்ரிஷியஸ்’ என்று மைக்கில் புகழ்ந்தேன். முன்வரிசையில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மேலே பளபளப்பு, உள்ளே சரக்கில்லை என்று ஏசுகிற சொல் அது. லத்தீனில் விலைமகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், மெரிட்டுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். ‘சம்பாதித்தல்’ என்று பொருள். ஒன்று நல்ல பேரைச் சம்பாதித்தது, மற்றொன்று கெட்ட பேரை. வேர்ச்சொல் படித்தால் எல்லாச் சொல்லும் விளங்கிவிடும் என்று வகுப்பு எடுப்பவர்கள் சொன்னால் பாதி நம்புங்கள். அறிமுகமான சொல்லை நினைவில் வைக்க வேர் உதவும். அறிமுகமில்லாத சொல்லுக்குப் பொருள் ஊகிக்கப் போனால் என் கதைதான்.

சரி, சேர்க்கையோடு படிப்பது என்றால் என்ன? உங்கள் புத்தகத்தில் அபேட், அலீவியேட், மிட்டிகேட் மூன்றுக்கும் எதிரே ‘குறைத்தல்’ என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். இப்போது தமிழுக்கு வாருங்கள். விலை குறையும், காய்ச்சல் தணியும், புயல் ஓயும், மனப்பாரம் இறங்கும். ‘விலை தணிந்தது’ என்றோ ‘புயல் இறங்கியது’ என்றோ நீங்கள் சொல்லமாட்டீர்கள். எந்தப் பட்டியலும் இதை உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். அபேட் பெரும்பாலும் தானாக அடங்குவது: புயல், காய்ச்சல், கோபம். அலீவியேட்டின் உள்ளே ‘இலேசான’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது. வலியையும் வறுமையையும் தாங்கும்படி இலேசாக்குவது அது. மிட்டிகேட் என்பது வரப்போகும் கேட்டின் கடுமையைத் தணிப்பது. ரிஸ்க், சேதம், வழக்கில் தண்டனை, இவற்றோடு வரும். ஷிப்மெண்ட் தாமதத்தால் வரும் நஷ்டத்தைக் குறைக்கப் பார்க்கிறோம் என்று எழுதும்போது உங்களுக்கு வேண்டியது மிட்டிகேட். மழை விட்டதும் சரக்கு ஏற்றுவோம் என்றால் அபேட் போடலாம், ஆனால் ‘ஸ்டாப்’ போதும். பையருக்கு வேண்டியது தேதி.

ஆக, ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது தனியாகக் குறிக்காதீர்கள். அதன் முன்னும் பின்னும் வரும் இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்ப் பொருளையும் எழுதலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. தமிழில் யோசிக்கவே கூடாது என்று கோச்சிங் சென்டர்களில் மிரட்டுவார்கள். தணிவதற்கும் ஓய்வதற்கும் வித்தியாசம் தெரிந்த தலையை எதற்குக் கழற்றி வைக்கவேண்டும்?

எந்தச் சொற்கள்? புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் இன்பாக்ஸைத் திறங்கள். எல்.சி.யில், அதாவது பணத்துக்கு பையரின் பேங்க் தரும் உறுதிக் கடிதத்தில், கடைசி ஷிப்மெண்ட் தேதி 15 என்று இருக்கிறது, சரக்கு கப்பலேறியதற்கான தாளான பில் ஆஃப் லேடிங்கில் 17 என்று விழுந்திருக்கிறது. பேங்க் உடனே ‘டிஸ்கிரெபன்சி’ என்று சொல்லிப் பணத்தை நிறுத்தும். அகராதி இதற்கு ‘முரண்பாடு’ என்று சொல்லும். உங்கள் ஆபீஸில் அதற்குப் பொருள், இரண்டு தாள் ஒத்துப்போகவில்லை, இன்று மதியம் சாப்பாடு கிடையாது என்பது. அதோடு ‘பிட்வீன்’ வரும், எதற்கும் எதற்கும் இடையில் என்று சொல்லவேண்டுமே. பின்னாலேயே இன்னொரு சொல் வரும்: வேவ். கையசைக்கும் வேவ் இல்லை, நடுவில் ஐ எழுத்து வருகிற வேவ். தனக்குள்ள உரிமையை இந்த ஒரு தடவை விட்டுக்கொடுப்பது. பையர் அந்த டிஸ்கிரெபன்சியை வேவ் செய்ய ஒத்துக்கொண்டால் பேங்கும் பெரும்பாலும் பணத்தை விடும். இந்த இரண்டு சொல்லையும் இனி நீங்கள் மறக்கமாட்டீர்கள். பணம் மாட்டிக்கொண்ட சொல் மறக்காது.

மெயிலுக்கு வெளியேயும் படிக்கவேண்டும் என்றால், அவெரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலைத் தேடிப் பாருங்கள். 570 சொற்குடும்பங்கள்தான். பாடநூல்களிலும் ஆய்வுக்கட்டுரைகளிலும் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தக் குடும்பங்களிலிருந்துதான் வருகிறது. சப்சிக்வென்ட், ப்ரையர், சஃபிஷியன்ட், காம்பன்சேட் என்று எல்லாம் உங்கள் மேஜைக்கே வருபவை. மூவாயிரத்தில் திணறுவதைவிட இது மேல்.

மறதியைப் பற்றி வருத்தப்படாதீர்கள். ஹெர்மான் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. வாக்கியம் இல்லாமல் பட்டியலில் கிடக்கும் சொல்லும் ஏறக்குறைய அர்த்தமில்லாத அசைதான். இதற்கு செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் சொன்ன பெட்டி வைத்தியம் எனக்குப் பிடித்தமானது. உங்கள் ஊரில் டி-ஷர்ட் மடிப்புக்குள் வைக்கும் அட்டை குப்பையாகக் கிடக்குமே, அதைச் சீட்டளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் சொல்லுக்குக் கோடு விட்ட வாக்கியம், பின்பக்கம் சொல். ஒரு பெட்டியில் ஐந்து அறை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். நாளுக்கு முப்பது சொல் வேண்டாம். வாரத்துக்குப் பத்து. போனில் இதற்கு ஆப் இருக்கிறது, ஆனால் போனை எடுத்தால் நீங்கள் ரீல்ஸ் பார்ப்பீர்கள். நானும் பார்ப்பேன்.

வாயால் சொல்வதற்குமுன் காதால் கேட்டுவிடுங்கள். தமிழ் போல எழுத்துக்கூட்டிப் படித்தால் எபிட்டமி ‘எபிடோம்’ ஆகிவிடும், சட்டிலில் இல்லாத ‘ப்’ வந்து உட்காரும். ஆன்லைன் அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக்காட்டும்.

அந்த பையர் விஷயம். ஒரு வாரம் ஆகியும் அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை என்றால் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்திருப்பார், உங்கள் தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். மன்னிப்பு மெயில் போட்டால் கவனிக்காத வேறு நாலு பேருக்கும் ஃபார்வர்டு ஆகும். விடுங்கள். அடுத்த மெயிலில் அதே இடம் வந்தால் ‘வெல் நோன்’ போதும். சாம்பிளை மட்டும் சொன்ன தேதியில் அனுப்பிவிடுங்கள்.